சரவாக் ஆற்றுப் பயணம்: மதுரை வாசகர்கள் கேட்டவை

மலேசியாவின் போர்னியோ பக்கம், சரவாக் மாநில ஆறுகளில் படகேறிப் போய், இபான் பழங்குடி மக்களின் லாங்ஹவுஸில், அதாவது பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீள வீட்டில், தங்கும் பயணங்களைப் பற்றித்தான் இந்த முறை அதிகக் கேள்விகள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் நம்மவர்கள் இந்தப் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறார்கள் போல. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எனக்கு 64 வயது, மனைவிக்கு 60. அவருக்கு முழங்கால் வலி உண்டு. "சும்மா படகில் உட்கார்ந்து போறதுதான் சார்" என்கிறார் ஏஜென்சிக்காரர். நம்பிப் போகலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநகர்)

உட்கார்ந்து போவது உண்மைதான். எதில் உட்கார்ந்து என்று கேட்டீர்களா? சரவாக்கின் பத்தாங் ஆய் ஆற்றுப் பக்கத்து நீளப் படகில் நாற்காலி இருக்காது. தாழ்வான பலகையில் காலை நீட்டியோ மடக்கியோ உட்கார வேண்டும். பின்னால் ஒருவர் மோட்டாரைப் பிடித்திருப்பார். முன்னால் இன்னொருவர் கையில் கழியோடு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வருவார். பாறை தென்பட்டால் வாயைத் திறக்க மாட்டார், கையை லேசாக அசைப்பார். பின்னால் இருப்பவர் உடனே மோட்டாரைத் தூக்கிவிடுவார், படகு பாறையைத் தாண்டி வழுக்கிப் போகும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகான வேலை அது.

ஆனால் மழை குறையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறு வற்றினால் பயணிகளும் இறங்க வேண்டிவரும். முழங்காலளவு தண்ணீரில், பாசி பிடித்த கூழாங்கல் மேல் நடக்க வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நேர் எதிர்: மழை கொட்டும், ஆறு திடீரென்று ஏறும். அப்புறம் கரையிலிருந்து வீட்டுக்கு ஏறும் படி. சில இடங்களில் ஒற்றை மரக்கட்டையில் வெட்டுப் போட்ட ஏணிதான்.

அதனால் அம்மாவுக்கு இந்த வழி வேண்டாம். சரவாக் தலைநகர் கூச்சிங்கிலிருந்து காரிலேயே போகக்கூடிய அன்னா ரைஸ் இருக்கிறது. பிடாயு பழங்குடி மக்களின் மூங்கில் தளம் போட்ட பழைய லாங்ஹவுஸ் அது. ஆற்றைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்து மாநிலமான சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றுக்குப் போங்கள். அங்கே இருக்கை வைத்த மோட்டார் படகுகள் ஓடுகின்றன. கரையோர மரங்களில் நீள்மூக்குக் குரங்குக் கூட்டத்தைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

நாங்கள் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? (இல்லத்தரசி, கே.கே. நகர்)

சோற்றுக்குப் பஞ்சமில்லை, அவர்களும் மூன்று வேளையும் அரிசிதான். சிக்கல் கீரையில் வரும். மிடின் என்றொரு காட்டுப் பெரணிக் கொழுந்தை வதக்கித் தருவார்கள், அருமையாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் அதில் பெலாச்சான் சேர்ப்பார்கள், அதாவது இறால் அரைத்த விழுது. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இது தட்டில் வந்து நிற்கும். பெலாச்சான், மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பன்றிக்கறி சமைத்த சட்டி என்பதும் மனதை உறுத்தும் என்றால், சின்னதாக ஒரு பாத்திரம் எடுத்துப் போங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

தூவாக் என்ற அரிசி மதுவை நீட்டுவார்கள். குடிக்காதவர் விளிம்பை உதட்டில் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

விளம்பரப் படத்தில் தலையில் இறகு, கையில் அம்பு ஊதி எய்யும் ஊதுகுழல், உத்தரத்தில் மண்டையோடு. உண்மையிலேயே இப்படித்தான் வாழ்கிறார்களா, இல்லை நமக்காக வேஷமா? (கல்லூரி விரிவுரையாளர், தெப்பக்குளம்)

இரண்டும் இல்லை. பொங்கலன்று பட்டு வேட்டி கட்டிக் கோயில் போகிற பையன் மறுநாள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போகிறான், அவன் வேஷம் போட்டதாக நாம் சொல்வோமா? இபான் இளைஞர்கள் கூச்சிங், மிரி, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய், ஜூன் 1-இல் வரும் கவாய் அறுவடைத் திருநாளுக்கு வீடு திரும்புகிறவர்கள். நீங்கள் பார்க்கும் லாங்ஹவுஸில் டிவி இருக்கும், தகரக் கூரை இருக்கும், பாதி சிமென்ட்டாகவும் இருக்கலாம். அமைப்பு மட்டும் மாறுவதில்லை. ஒரு பக்கம் வரிசையாகக் குடும்பத்துக்கு ஓர் அறை. அத்தனை அறைக்கும் முன்னால், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடும் பொதுக்கூடம். ருவாய் என்பார்கள். பாய் முடைவது, வலை பின்னுவது, பஞ்சாயத்து, அரட்டை எல்லாம் அங்கேதான். விருந்தாளிக்குப் படுக்கையும் பல வீடுகளில் அங்கேதான்.

மண்டையோடுகள் நிஜம். எதிரியின் தலையை வெட்டிக் கொண்டுவரும் தலைவேட்டையை, 1841-இலிருந்து நூறு ஆண்டுக்கு மேல் சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயப் புரூக் பரம்பரை அடக்கியது. சில வீடுகளில் அந்தப் பழைய மண்டையோடுகளை இன்றும் மரியாதையாக வைத்திருக்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், விரல் நீட்டிச் சிரிக்காதீர்கள்.

ஊதுகுழலுக்குப் பேர் போனவர்கள் பெனான் மக்கள். சவ்வரிசி தரும் காட்டுப் பனையையும் வேட்டையையும் நம்பிக் காட்டில் இடம் மாறிக்கொண்டே வாழ்ந்தவர்கள். 1987-இல் மரம் வெட்டும் லாரிகள் போன பாதைகளை மறித்து உட்கார்ந்தபோதுதான் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. இன்று பெரும்பாலோர் ஒரே இடத்தில் குடியேறிவிட்டார்கள். முலு தேசியப் பூங்காவுக்குப் போனால், மெலினாவ் ஆற்றுப் படகு பத்து பூங்கான் குடியிருப்பில் நிற்கும். கூடையும் மணிமாலையும் விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இருபது நிமிடத்தில் பார்த்து, படம் எடுத்து, படகேறிவிடுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். ஒரு கூடையாவது வாங்குங்கள், பேரம் பேச வேண்டாம்.

ஏற்பாடு நல்லதா என்று கண்டுபிடிக்க ஏஜென்சியிடம் ஒன்று கேளுங்கள்: லாங்ஹவுஸின் பெயர் என்ன? "அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் முன்பணம் கட்டாதீர்கள். பெயரைச் சொன்னால் அடுத்து, படகோட்டிகள் அந்த வீட்டுக்காரர்களா, தங்கும் பணம் அந்த வீட்டுக்குப் போகிறதா என்று விசாரியுங்கள். நல்ல ஏற்பாட்டில் படகும் சமையலும் குடும்பங்களுக்குள் முறை வைத்துப் போகும்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். பத்தாங் ஆய் பயணம் தொடங்குகிற அந்த அழகான ஏரி, 1985-இல் முடிந்த அணையின் நீர்த்தேக்கம். அதற்காகப் பல லாங்ஹவுஸ்கள் இடம் மாறின. ராஜாங் ஆற்றின் மேற்பகுதியில் பாக்குன் அணைக்காக இடம்பெயர்ந்தவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர், பெரும்பாலும் காயான், கென்யா என்ற போர்னியோப் பழங்குடி மக்கள். வழிகாட்டி இதைத் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால் பலர் மனம் விட்டுப் பேசுவார்கள்.

குழந்தைகளுக்குச் சாக்லேட் வாங்கிப் போகலாமா? (மேலூர்)

குழந்தைகள் கையில் நேராக எதையும் கொடுக்காதீர்கள், காசு கூடவே கூடாது. சர்க்கரை, தேயிலை, பிஸ்கட் போன்றவற்றை வழியில் சந்தையில் வாங்கி, துவாய் ரூமா எனப்படும் வீட்டுத் தலைவரிடம் கொடுத்தால் எல்லா அறைக்கும் பங்கிடுவார்கள்.

காய்ச்சல், தடுப்பூசி, அட்டைக்கடி? (திண்டுக்கல்)

மஞ்சள் காய்ச்சல் ஊசி அமேசான் போகிறவர்களுக்கு. இந்தியாவிலிருந்து நேராக மலேசியா போனால் தேவையில்லை. ஆனால் சரவாக், சபா காடுகளில் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒரு வகை மலேரியா உண்டு. டெங்கு உண்டு. ஆற்றில் இறங்குவதால் எலிக்காய்ச்சலும் உண்டு. மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், போர்னியோ போனதை முதலில் சொல்லுங்கள். அட்டைக்கு முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறை போதும். கொடைக்கானல் சோலையில் நடந்தவருக்கு இதெல்லாம் பழக்கம்தானே.

விசா? (திருமங்கலம்)

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை நடப்பில் இருக்கிறது. டிக்கெட் போடும்முன் அது தொடர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். கோலாலம்பூரில் முத்திரை வாங்கியிருந்தாலும் சரவாக்கில் இறங்கியதும் மறுபடி குடிநுழைவு வரிசை உண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

அவ்வளவு பணம் இல்லை. பக்கத்தில் இதுபோல ஏதாவது? (மாணவர், உசிலம்பட்டி)

தேக்கடி மூங்கில் படகு. உங்கள் ஊரிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி. பெரியாறு புலிகள் காப்பகம் நடத்துகிற முழு நாள் பயணம் அது: கொஞ்சம் நடை, கொஞ்சம் படகு, ஆள் எண்ணிக்கையும் குறைவு. மன்னான், பளியர் மக்களும், ஒரு காலத்தில் திருட்டுத்தனமாகக் காட்டில் பட்டை உரித்தவர்களும் அங்கே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். 1990-களின் கடைசியில் வனத்துறை அந்தப் பட்டைக்காரர்களைக் குழுவாக்கி, காட்டைக் காக்கும் வேலையைக் கொடுத்தது. எந்தத் தடத்தில் மிளா போயிருக்கிறது, யானை எப்போது கடந்தது என்று சாணத்தைப் பார்த்தே சொல்வார்கள். இருவாச்சிப் பறவையைப் படத்தில் பார்ப்பதை விட, அது தலைக்கு மேல் பறக்கும்போது வரும் சிறகுச் சத்தத்தைக் கேட்க வேண்டும். இருவாச்சி சரவாக்கிலும் உண்டு, தேக்கடியிலும் உண்டு.

முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பச்சை, காக்கி போல மங்கலான உடை போடுங்கள். லைஃப் ஜாக்கெட் கொக்கியை மாட்டியே வைத்திருங்கள், வெயிலுக்குக் கழற்ற வேண்டாம். 2009 செப்டம்பரில் இதே தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.