கிளைடர் இழுக்கும் பானி விமானத்தில் பின்னால் பார்க்கக் கண்ணாடி போதுமா, கேமரா வேண்டுமா?

கேள்வியில் உள்ளது பைப்பர் பானி 235, 60 மீட்டர் கயிறு, 15 மீட்டர் இறக்கையுள்ள கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்). எந்தக் கண்ணாடி, எங்கே மாட்டுவது, கேமரா வைத்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கழற்றாதீர்கள். கேமரா கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

பின்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தால் கண்ணாடி தானாகவே முடிவாகிவிடும். கிளைடர் சட்டென்று மேலே எகிறினால் உங்கள் வாலைத் தூக்கி மூக்கைத் தரைக்குத் திருப்பிவிடும். இதெல்லாம் சில விநாடி வேலை. தாழ்வான உயரத்தில் மீட்க இடமே இருக்காது. கயிற்றை விடுவிக்க முடியாத கிளைடர் பக்கவாட்டில் ஒதுங்கி இறக்கையை ஆட்டிக் காட்டும். இந்த இரண்டும் பெரிய அசைவுகள், மோசமான கண்ணாடியிலும் தெரிந்துவிடும். தெரியாமல் போவது ஏர்பிரேக், அதாவது இறங்கும்போது கிளைடரைத் தாழ்த்த இறக்கையிலிருந்து எழுப்பும் பலகை. கிளைடர்காரர் அதைப் பூட்ட மறந்து கிளம்பினால் இறக்கை மேல் சுமார் 15 செ.மீ. உயரப் பலகை இரண்டு எழுந்து நிற்கும். விமானம் ஏறாமல் திணறும்போது அதைக் கண்டால்தான் வால் சுக்கானை ஆட்டி "ஏர்பிரேக்கைப் பார்" என்று சைகை காட்ட முடியும். அவசரத்தில் உங்கள் இறக்கையை ஆட்டிவிட்டால் அதற்கு அர்த்தம் "உடனே கயிற்றை விடு" என்பது, ஆகவே சரியாகப் பார்த்துவிட்டுத்தான் சைகை. அந்த 15 செ.மீ. பலகைதான் நம் அளவுகோல்.

கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி 15 செ.மீ. அகலக் கண்ணாடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தட்டைக் கண்ணாடி என்றால் மொத்தப் பார்வையே சுமார் 14 டிகிரி. 60 மீட்டரில் 15 மீட்டர் இறக்கையும் 14 டிகிரிதான். கிளைடர் துளி நகர்ந்தாலும் ஒரு இறக்கை காணாமல் போகும். கார் கதவில் வருவது போன்ற, 1200 மி.மீ. வளைவு ஆரமுள்ள குவியாடி என்றால் பார்வை ஏறத்தாழ 28 டிகிரி ஆகும், கிளைடர் பாதியாகச் சுருங்கி 7 டிகிரி ஆகும். ஏர்பிரேக் பலகை 0.07 டிகிரி. நல்ல கண்ணுக்கு 0.02 வரை பிடிபடும், ஆகவே இது தாராளம். கடையில் கிடைக்கும் சின்ன வட்டமான பிளைண்ட் ஸ்பாட் கண்ணாடியின் ஆரம் 300 மி.மீ. என்றால் பலகை 0.03 டிகிரிக்கு வந்துவிடும். அதிர்வும் சேர்ந்தால் ஒன்றும் தெரியாது. அகலமாகத் தெரிகிறதே என்று அதை வாங்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. சவரக் கண்ணாடி பக்கமே போகாதீர்கள்: அது குழியாடி, பிம்பமும் உதவாது, வெயிலைக் குவித்து இருக்கைத் துணியைப் பொசுக்கவும் செய்யும்.

பானியின் ஸ்ட்ரட் (இறக்கையைத் தாங்கும் சாய்வுக் குழாய்) இறக்கைக்கு மேலே, காக்பிட்டுக்குப் பக்கமாக வருவதால் அதில் மாட்டத் தோன்றும். மாட்டினால் கிளாம்ப் மட்டுமே. துளை போடவே கூடாது. பைப்பர் ஸ்ட்ரட்கள் உள்ளே துருப்பிடிப்பதற்குப் பெயர் போனவை. கிளாம்ப்புக்கு அடியில் வைக்கும் ரப்பரும் ஈரத்தைத் தேக்கும் என்பதால் ஆண்டுச் சோதனையில் கழற்றிப் பார்க்க வேண்டும். என் தேர்வு காக்பிட் கூண்டின் இடது மேல் மூலை. நடுக்கோட்டிலிருந்து 40, 50 செ.மீ. தள்ளி இருப்பதால் செங்குத்து வால் கிளைடரை மறைக்காது. நேர் நடுவில் மாட்டிய கண்ணாடியில் கிளைடரின் உடல் வாலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆஸ்திரேலியா மாதிரி கிளைடரைக் கீழே வைத்து இழுக்கும் இடமாக இருந்தால் உங்கள் கிடைவால்தான் குறுக்கே வரும். கண்ணாடியை எவ்வளவு உயர்த்த முடியுமோ உயர்த்துங்கள்.

அடுத்தது தாங்கி. 200 சதுர செ.மீ. கண்ணாடி மீது இழுக்கும் வேகமான 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில் விழும் காற்று வெறும் ஒன்றரை கிலோ பாரம். கயிற்றை விட்டபின் 115 நாட் வேகத்தில் இறங்கும்போது அதுவே ஐந்து கிலோவை நெருங்கும். கணக்கை இறங்கும் வேகத்துக்குப் போடுங்கள். ஆனால் தாங்கியை முறிப்பது பெரும்பாலும் பாரம் அல்ல, அதிர்வு. நிமிடத்துக்கு 2400 சுற்றில் இரண்டு இறகு புரொபெல்லர் விநாடிக்கு 80 தட்டு தட்டும், ஆறு சிலிண்டர் இன்ஜின் 120. ஒற்றைக் கம்பியில் நீட்டி நிற்கும் கண்ணாடி இதில் ஏதாவது ஒன்றோடு சேர்ந்து ஆடத் தொடங்கினால் கிளைடர் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரியும், கொஞ்ச நாளில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். கம்பியைத் தடிமனாக்குவதைவிட இன்னொரு புள்ளியிலிருந்து குறுக்குக் கம்பி கொடுத்து முக்கோணமாக்குவது மேல். நட்டுகள் தானே கழலாத வகையாக இருக்கட்டும், கண்ணாடியின் முதுகில் ஒட்டுப்படலம் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு பறக்காது.

கோணம் வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பானி தரையில் வால் தாழ்ந்து நிற்கும். அப்படியே உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பி வைத்தால் மேலே போனதும் கிளைடர் கண்ணாடியின் கீழ் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். வாலை ஒரு முக்காலியில் தூக்கி, மூக்கு ஐந்து டிகிரி அளவுக்கு மட்டும் நிமிர்ந்திருக்கும்படி வையுங்கள். விமானி பாராசூட்டோடு உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கியபின், 60 மீட்டர் பின்னால் ஒரு கிளைடரை நிறுத்திப் பார்க்கட்டும். கிளைடர் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். ஆபத்து மேல்நோக்கித்தான் போகும், காலியிடம் மேலே வேண்டும்.

இனி கேமரா. காருக்கு விற்கும் 130 டிகிரி ரிவர்ஸ் கேமராவில் 1280 புள்ளி என்றால் டிகிரிக்குப் பத்துப் புள்ளி. நம் பலகைக்குக் கிடைப்பது ஒன்றரைப் புள்ளி, அதாவது ஒன்றுமில்லை. 50 டிகிரி லென்ஸ் போட்டால் மூன்றரை, தேவலை. வைஃபை வழி போகும் கேமரா வேண்டாம், படம் தாமதமாக வரும், கம்பி வழிதான். ரிவர்ஸ் கேமராக்கள் படத்தை இடவலம் திருப்பித்தான் காட்டும், அதை அப்படியே விடுங்கள். சாதாரணக் கேமராவைப் பின்பக்கம் திருப்பி வைத்தால், உங்கள் இடப்பக்கம் போகும் கிளைடர் திரையில் வலப்பக்கம் போகும். பதற்றத்தில் அது போதும் கெடுக்க. பச்சை, சிவப்பு பார்க்கிங் கோடுகளை அணைத்துவிடுங்கள். வெயிலில் 1000 நிட்டுக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) குறைந்த திரை கறுப்புப் பலகைதான்.

கேமராவைக் கொக்கிக்கு அருகில் வைக்கலாம், ஆனால் கயிறு சுழலும் பரப்புக்குள் வேண்டாம். கயிற்று முனையின் இரும்பு வளையம் ஒரே அடியில் உடைத்துவிடும். வயிற்றுப் பக்கம் வைத்தால் இன்ஜின் எண்ணெய் பறந்து லென்ஸில் படியும், நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். சுக்கான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) மேல் ஒருபோதும் ஒட்டாதீர்கள், சமநிலை கெட்டு ஃபிளட்டருக்கு (காற்றில் தானே படபடத்து உடையும் அளவு ஆட்டத்துக்கு) வழி வைக்கும். கேமரா உண்மையில் பயன்படுவது கயிற்றை உள்ளிழுக்கும் வின்ச் உள்ள விமானத்தில்தான். கயிறு முழுக்கச் சுருண்டதா என்று இறங்குமுன் பார்க்கலாம்.

மின்சாரத்துக்குத் தனி சர்க்யூட் பிரேக்கர் கொடுங்கள். தரையில் இன்ஜின் ஓட, ரேடியோவின் ஸ்குவெல்ச்சை (பின்னணி இரைச்சலை அடக்கும் வசதி) திறந்துவிட்டுத் திரையை அணைத்து அணைத்துப் போடுங்கள். இரைச்சல் மாறினால் திரையின் மின்மாற்றுச் சுற்று உங்கள் அலைவரிசையைக் கெடுக்கிறது. திசைகாட்டி முள் நகர்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

காகித வேலை: அமெரிக்காவின் 91.309 விமான விதி கொக்கி, கயிற்றின் வலிமை, சைகை ஒப்பந்தம் பற்றிப் பேசுகிறது. கண்ணாடி கட்டாயம் என்று அதில் இல்லை. இருந்தாலும் சான்றிதழ் பெற்ற விமானத்தில் எதை மாட்டினாலும் உரிமம் உள்ள மெக்கானிக் பார்த்து, சிறு மாற்றமா பெரு மாற்றமா என்று முடிவு செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். தாங்கியை வெட்டுவதற்கு முன்பே அவரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.