டி.பி. மாத்திரையை இரண்டு மாதத்தில் நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் டி.பி. இரண்டு மாதம் மாத்திரை முடிந்தது. இருமல் நின்றுவிட்டது, சளியில் கிருமி இல்லை என்கிறார்கள். எடையும் 46 கிலோவிலிருந்து 52 ஆகிவிட்டது. "இன்னும் எதற்கு?" என்று கேட்கிறார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த விடாதீர்கள். ஒரு மில்லிலிட்டர் சளியில் குறைந்தது 5,000 கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் தென்படும். அதற்குக் கீழே இருந்தால் "இல்லை" என்றுதான் முடிவு வரும். முதல் இரண்டு மாதத்தில் வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்துவிடும். உறங்கிக் கிடந்து எப்போதாவது விழித்துக்கொள்பவை மிஞ்சும். அவற்றைத் தீர்க்கத்தான் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், எத்தம்பூட்டால் மூன்றும் சேர்ந்த மாத்திரை இன்னும் நான்கு மாதம்.

இத்தனை மருந்து ஏன் என்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் 10 கோடிக்கும் மேல் கிருமிகள் இருக்கலாம். மருந்து உள்ளே போகும் முன்பே, அவற்றில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று ஐசோனியசிடுக்கு அடங்காது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது 10 கோடியில் ஒன்று. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாக, அந்த அடங்காத ஒன்று பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1940களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டி.பி. மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது, தேறி வந்த பலர் சில மாதங்களில் மறுபடி படுத்தது இதனால்தான். இரண்டு மருந்துக்கும் சேர்த்து அடங்காத கிருமி தானாக உருவாவது மிக அரிது.

பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். விட்டுவிட்டுச் சாப்பிடுவது அதைவிட மோசம். மருந்தை எதிர்க்கும் கிருமியை நாமே வளர்ப்பதுபோல் ஆகிவிடும்.

எடை கூடியதை மாத்திரை தரும் மையத்தில் கட்டாயம் சொல்லுங்கள். தினம் 35–49 கிலோவுக்கு 3 மாத்திரை, 50–64 கிலோவுக்கு 4. அப்பா அடுத்த படிக்கு வந்துவிட்டார். பழைய அளவு இனி போதாமல் போகலாம்.

கேள்வி: கணவருக்கு மூன்று வாரமாக இருமல். மெடிக்கல் ஷாப்பில் லீவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள். கொஞ்சம் தேவலை. இனிமேலும் சளி டெஸ்ட் வேண்டுமா?
– வாசகி, கடலூர்

பதில்: வேண்டும், இந்த வாரமே. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளியைப் பார்க்காமல் இந்த மருந்தைக் கொடுப்பது பெருந்தவறு. லீவோஃபிளாக்சசின் டி.பி. கிருமியையும் ஓரளவு கொல்லும். காய்ச்சல் தணியும், டெஸ்டிலும் கிருமி சிக்காமல் போகலாம், நோய் உள்ளேயே இருக்கும். ரிஃபாம்பிசின் பலிக்காதவர்களுக்குக் கைகொடுக்கும் மருந்து வகையும் இதுதான்; தனியாகக் கொடுத்து அதையும் கெடுத்துக்கொள்கிறோம். 2014 முதல் இது ஹெச்1 பட்டியலில் உள்ளது: டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சளியில் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் டெஸ்ட் அரசு மருத்துவமனையில் இலவசம். ரிஃபாம்பிசின் பலிக்குமா என்பதும் அதிலேயே தெரியும். எச்சில் உதவாது, காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து மூச்சிழுத்து இருமி வரும் கெட்டிச் சளி வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு மாத்திரையும் ஒன்றாகப் போட்டால் குமட்டுகிறது. காலை இரண்டு, இரவு இரண்டு எனப் பிரிக்கலாமா? சிறுநீர் வேறு சிவப்பாகப் போகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிரிக்காதீர்கள். ரத்தத்தில் ரிஃபாம்பிசின் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு ஏறினால்தான் நன்றாக வேலை செய்யும். வெறும் வயிறு நல்லது. குமட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம். சிவப்பு நிறம் ரிஃபாம்பிசினுடையது, பயம் வேண்டாம். கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதது – இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எதை நிறுத்துவது, எதைத் திரும்பத் தொடங்குவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவரானால் அதையும் சொல்லி வேறு வழி கேளுங்கள். ரிஃபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும்.