கணையம் எடுத்த பிறகு இன்சுலின் பம்ப்

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள். பம்ப் வைத்தும் சர்க்கரை திடீர் திடீரென்று இறங்குகிறதே?

பதில்: கணையம் போனால் இன்சுலினோடு, இறங்கும் சர்க்கரையைத் தூக்கிவிடும் குளுகோகானும் போய்விடுகிறது, அதனால்தான் இந்தச் சரிவு. பம்பின் அடிப்படை அளவு (நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் இன்சுலின்), முக்கியமாக இரவு அளவு, அதிகமா என்று டாக்டரிடம் உடனே கேளுங்கள். அப்புறம், என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டோடு ஒழுங்காகப் போடுகிறாரா? அது தவறினால் சாப்பிட்டது சரியாகச் செரிக்காது, போட்ட இன்சுலின் மட்டும் வேலை செய்து சர்க்கரையை இறக்கிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே போனால், நினைவோடு இருக்கும்போதே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பம்பில் இருப்பது உடலில் சீக்கிரம் வேலை முடிந்துவிடும் வேக இன்சுலின், அதனால் குழாய் மடங்கி இன்சுலின் நின்றாலே சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) ஏறும். கைவசம் இன்சுலின் பேனா எப்போதும் இருக்கட்டும்.