காட்பாடியிலிருந்து பெங்களூருக்கு: 12 லட்சத்தில் கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி: எனக்கு 33 வயது. காட்பாடியில் சொந்த வீடு. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக 42,000 ரூபாய் வருகிறது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் தருகிறேன் என்கிறது. ஊருக்கு வந்துபோக வசதியாக இருக்கும் என்று எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 28,000, பராமரிப்பு 3,000, அட்வான்ஸ் ஆறு மாத வாடகை. மனைவி, எல்.கே.ஜி. சேர வேண்டிய மகள், சர்க்கரை நோயுள்ள அப்பா, அம்மா ஆகியோர் இருக்கிறார்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் ஆறு மாதம் நீங்கள் மட்டும் போங்கள். அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

12 லட்சம் என்றதும் மாதம் ஒரு லட்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ஆனால் அது சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. செயல்திறன் ஊக்கத்தொகை என்று 10 சதவீதத்தை ஒதுக்கி வைத்திருந்தால் மாதம் 10,000 போய்விடும். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் நிறுவனத்தின் பங்கும் உங்கள் பங்குமாக பி.எஃப். 12,000. பணிக்கொடைக்குச் சுமார் 2,400, தொழில் வரி 200. புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. அப்படியும் கைக்கு வருவது 75,000 அளவில்தான் இருக்கும்.

இப்போதைய சம்பளத்தைவிட 33,000 கூடுதல். வாடகைக்கும் பராமரிப்புக்கும் மட்டும் 31,000. அதாவது இங்கே சொந்த வீட்டில் இருப்பவர், அங்கே போய் ஏறிய சம்பளம் முழுவதையும் வீட்டுக்காரரிடம் கொடுக்கிறீர்கள். மிச்சமிருக்கும் 2,000 ரூபாயில் பள்ளிக் கட்டணத்தின் ஒரு மூலைகூட நிரம்பாது. தனியாகப் போய், சாப்பாட்டோடு 15,000 ரூபாயில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கினால் 18,000 மிஞ்சும். அதில்தான் ஊருக்கு வந்துபோகும் செலவும்.

பிறகு எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். இந்தச் சம்பளத்துக்காக இல்லை, அடுத்த வேலைக்காக. ராணிப்பேட்டையில் இந்த வேலை போனால் அதே வேலைக்கு ஸ்ரீபெரும்புதூரையோ ஓசூரையோ பார்க்க வேண்டும். பெங்களூரில் அடுத்த நிறுவனம் அதே சாலையில் இருக்கும். 33 வயதில் புதிய தொழில்நுட்பம் கற்றவர்களோடு உட்கார்ந்து இரண்டு, மூன்று ஆண்டு வேலை பார்ப்பது பெரிய மூலதனம். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். அதே சாலையில் ஆட்குறைப்பும் நடக்கும். அதனால் ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும்வரை காரோ கடனோ வேண்டாம்.

இனி வீட்டுக்கு வருவோம். ஒயிட்ஃபீல்டில் வேலை, எலெக்ட்ரானிக் சிட்டியில் வீடு என்பது தினமும் சில்க் போர்டு, மாரத்தஹள்ளி நெரிசலில் உங்கள் மாலைகளைக் கொடுத்துவிடுவது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்துவிட்டது, சரி. ஆனால் அதில் ஏறினால் ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கும் மாறி நகரையே சுற்றி வர வேண்டும். ஊருக்கு வருவதுதான் கவலை என்றால் ஒன்று சொல்கிறேன். காட்பாடி வழியாகப் போகும் பல ரயில்கள் கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும். அங்கிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஊதாத் தடம் போகிறது. ஆக, நீங்கள் இருக்க வேண்டியது அந்தத் தடத்தை ஒட்டித்தான்.

குடும்பத்துக்கு வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேளுங்கள். காவிரி இணைப்பா, போர்வெல்லா, டேங்கரா? 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டு, அடுக்குமாடிகளில் குடியிருந்தவர்கள் டேங்கருக்குக் காத்திருந்தார்கள். வறண்ட பாலாற்றங்கரையில் வளர்ந்த நமக்கு அந்தக் கஷ்டம் புதிதில்லை, ஆனால் மாடிக் குடியிருப்பில் அதைச் சமாளிப்பது இன்னும் கடினம். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம். அது எவ்வளவு என்று 11 மாத ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். குடியேறும் நாளில் சுவர்களையும் குழாய்களையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால், வேலூரின் அக்னி நட்சத்திர வெயிலுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அப்பாவுக்குப் பழகிய மருத்துவர், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, தெரிந்த மருந்துக்கடை, மாலையில் பேச ஆள் என எல்லாம் இங்கே இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் ஏழாவது மாடியில் பகல் முழுக்க இருவரும் தனியாக இருப்பதை யோசித்துப் பாருங்கள். கோடையில் ஒரு மாதம் அழைத்துப் போய், அவர்களுக்கு அங்கே பிடிக்கிறதா என்று பார்க்கலாம்.

மகளுக்கு இந்த ஆண்டு எல்.கே.ஜி. காட்பாடியிலேயே இருக்கட்டும். உங்கள் பணி உறுதியானதும் அடுத்த கல்வியாண்டுக்கு, அங்கே குடியிருக்கப்போகும் பகுதியில் பள்ளி பாருங்கள்.

கடைசியாக, வேலைக்கான கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஊக்கத்தொகை எந்த மாதம், எந்த நிபந்தனையில் கிடைக்கும்? குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் உண்டா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு முதல் நாளிலிருந்தே பயன் கிடைக்குமா? பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பணம் கட்டச் சொன்னாலும் கட்டுங்கள். சேர்ந்தபோது விட்டுவிட்டால், பெரும்பாலும் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டிவரும்.