இரண்டு ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டால் புயலுக்குப் போதுமா?

வேதாரண்யம் பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து ஒருவர் கேட்கிறார்: புயல் பாதுகாப்பு மையத்துக்கும் மூன்று தெருக்களுக்கும் பத்து ஹாரன் ஸ்பீக்கர் போடுகிறோம், ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று கான்ட்ராக்டர் இரண்டு ஆம்ப்ளிஃபயர் தருகிறார், போதுமா?

போதாது. இரண்டும் ஒரே மைக், ஒரே பிளக், ஒரே ஒயரை நம்பி இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே செட்தான். புயலில் முதலில் போவது கரண்ட், அடுத்தது ஒயர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா உங்கள் பக்கம் கரையைக் கடந்தபோது எத்தனை மின்கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் வர எத்தனை நாளானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு தெருவிலும் ஹாரன்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, 1, 3, 5 ஒரு லைன், 2, 4, 6 இன்னொரு லைன், லைனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று கொடுங்கள். ஒரு லைன் அறுந்தாலும் சத்தம் குறையுமே தவிர எந்தத் தெருவும் ஊமையாகாது. ஒயர் மிச்சம் பிடிக்க மேலத்தெருவுக்கு ஒரு லைன், கீழத்தெருவுக்கு ஒரு லைன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு லைனையும் ஒரே கம்பத்தில் கட்டவும் விடாதீர்கள், கம்பம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

அப்புறம் ஆட்டோ சேஞ்ச்ஓவர் பேனல் என்று, ஒரு ஆம்ப்ளிஃபயர் கெட்டால் அதன் லைனைத் தானாக மற்றதற்கு மாற்றும் பெட்டி ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மைக்கில் ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது வேண்டாம், கையால் திருப்பும் சுவிட்ச் போதும். ஆனால் ஒன்று, இதை நன்றாகக் கவனியுங்கள்: ஆம்ப்ளிஃபயர் கெட்டிருந்தால் மட்டுமே அதன் லைனை மற்றதற்கு மாற்றலாம், லைனில் ஷார்ட் இருந்தால் மாற்றவே கூடாது, மாற்றினால் நல்ல ஆம்ப்ளிஃபயரும் போய்விடும். எது கெட்டது என்று பார்க்க லைனைக் கழற்றிவிட்டு, அதே ஆம்ப்ளிஃபயரில் லைன் டிரான்ஸ்ஃபார்மரோடு (ஹாரனை லைனுக்குப் பொருத்தும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) ஒரு ஹாரனை மேசையில் வைத்து மாட்டிப் பேசிப் பாருங்கள். ஹாரனில் சத்தம் வந்தால் கோளாறு லைனில்தான், அந்த லைனை அப்படியே விட்டுவிட்டு மீதி ஹாரன்களில் அறிவியுங்கள். இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், அன்றைக்கு மைக்கைப் பிடிப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். பத்து ஹாரனையும் தனியாகத் தாங்கும் வாட்ஸ் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் வேண்டும், தலா 15 வாட்ஸ் என்றால் 150-க்கு மேல்.

பேட்டரியை நேராக மாட்டும் டிசி இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபயராகக் கேளுங்கள், இன்வெர்ட்டர் என்பது நடுவே கெட்டுப்போக இன்னொரு பெட்டி. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பேட்டரி, நெஞ்சு உயரத்தில் வையுங்கள், தரையில் வைத்தால் வெள்ளம் வந்த அன்றே தீர்ந்தது. மைக்கும் இரண்டு.

டெண்டரில் வாட்ஸும் விலையும்தான் இருக்கும், பேட்டரியை மாதம் ஒருமுறை யார் பார்ப்பது என்று ஒரு வரி இருக்காது, இத்தனை புயலுக்குப் பிறகும் அதே தாள்தான் வருகிறது. அதனால் கடைசி பில்லில் கையெழுத்துப் போடுமுன் மெயினை அணைக்கச் சொல்லி, ஒரு லைனைக் கழற்றச் சொல்லி, மூன்று தெருவிலும் ஆள் நிறுத்திக் கேளுங்கள். ஒரு தெருவில் கேட்கவில்லை என்றாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.