வாத்தியாரைப் பாருங்கள், வாத்தியம் பின்னால் வரட்டும்

பள்ளிக்கூடங்களில் இசை வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிச் சீட்டு வந்ததிலிருந்து என் வீட்டுத் திண்ணை காலியாக இருந்ததில்லை. காரைக்குடியில் வீணையும் வயலினும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. பெற்றோர் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

காரைக்குடி அம்மா ஒருவர்: மகளுக்கு ஏழு வயது. வயலின், கீபோர்டு, மிருதங்கம், புல்லாங்குழல் நான்கில் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எது சுலபம்?

ஒரு மாதத்தில் பாட்டு மாதிரி ஏதாவது காதில் விழ வேண்டுமென்றால் கீபோர்டு. கட்டையை அமுக்கினால் சுரம் தானே சரியாக வந்துவிடும். வயலினில் அந்தச் சுரத்தைப் பிள்ளை விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் எண்ணெய் போடாத கதவுச் சத்தம்தான் வரும், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

ஆனால் சுலபத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பள்ளியில் வாரத்துக்கு ஒரு பாடவேளை, ஒரே அறையில் இருபது பிள்ளைகள். அதை வைத்து எந்த வாத்தியமும் கைக்கு வராது. வெளியே சொல்லிக்கொடுக்க, நீங்கள் ஸ்கூட்டரில் போய்வரும் தூரத்தில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். நல்ல மிருதங்க வாத்தியார் அடுத்த தெருவிலேயே இருந்தால், குழந்தைக்கும் வெறுப்பில்லை என்றால், மிருதங்கம்தான். இவள் பெண்பிள்ளை ஆயிற்றே என்று தயங்க வேண்டாம்.

தேவகோட்டை அப்பா ஒருவர்: வயலின் என்று முடிவாகிவிட்டது. வளரும் பிள்ளைதானே, பெரிய வயலினாகவே வாங்கிவிட்டால் பிறகு மாற்ற வேண்டாமே?

என் அப்பாவும் இதையேதான் சொன்னார். பாவாடையை நீளமாகத் தைத்து மடித்துவிடுவதுபோல, எட்டு வயதில் எனக்கு முழு வயலின் வாங்கி வந்தார். கடைக்காரர் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. கை எட்டாததால் நான் முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை ஒடித்து வாசித்துப் பழகிவிட்டேன். அந்தக் கோணலை நிமிர்த்த என் குருவுக்கு இரண்டு வருஷம் ஆனது. பாவாடையைப் பிரித்துவிடலாம், கையை அப்படிப் பிரிக்க முடியாது.

வயலினில் கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் உண்டு, காலுக்கும் கீழே அரைக்கால்கூட இருக்கிறது. வயதை வைத்து வாங்காமல் கையை அளந்து வாங்குங்கள். வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கும்போதே விரல்கள் நுனியில் இருக்கும் சுருளைச் சுற்றிப் பிடித்தால் அளவு சரி. கை விறைத்துக்கொண்டு நின்றால் ஓர் அளவு குறைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு வயதுக்குப் பெரும்பாலும் கால் அல்லது அரை வரும். சிறியது இரண்டு வருஷம்தான் உழைக்கும், அதனால் மேல்வகுப்புப் பிள்ளை கழித்ததையே கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

இன்னொன்று, பலர் கேட்க மறப்பது. பள்ளியில் சொல்லித்தருவது கர்நாடக முறையா, மேற்கத்திய முறையா? வயலின் ஒன்றுதான். ஆனால் நாம் சப்பணமிட்டு உட்கார்ந்து, சுருளை வலது பாதத்தில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டி வாசிக்கிறோம். அவர்கள் நின்றுகொண்டு, ஜி-டி-ஏ-இ என்று கூட்டுகிறார்கள். பள்ளியில் ஒன்று, வீட்டு வாத்தியாரிடம் இன்னொன்று என்று ஆரம்பித்தால் பிள்ளை குழம்பிவிடும்.

வாசித்து முடித்ததும் வில்லின் இழையைத் தளர்த்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் காரிலோ மாடியறையிலோ பெட்டியை வைத்தால் ஒட்டு விட்டுவிடும். கீழ்வீட்டு உள்ளறைதான் பத்திரம்.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: எங்கள் ஆயா (பாட்டி) வாசித்த வீணை அறைக்குள் உறையோடு கிடக்கிறது. பேத்திக்குக் கொடுக்கலாமா?

ஆச்சி, இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் காரைக்குடி சகோதரர்களாக ஊர் பெயரையே ஒரு வீணைப் பாணிக்குக் கொடுத்த மண் இது. அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார் என்று சொல்லக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் கண்ணை விரிக்கிறார்கள். 1952இல் சங்கீத நாடக அகாதமி விருது சாம்பசிவ ஐயருக்கும் பக்கத்து ஊர்ப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கும் ஒரே ஆண்டில் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் வீணை உறைக்குள் கிடக்கலாமா?

முதலில் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து உருண்டையாக இருக்கும் குடத்தை விரலால் தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று வந்தால் நல்லது, செத்த சத்தம் வந்தால் வெடிப்போ உளுவோ இருக்கலாம். ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்துப் பார்த்துத் தண்டி (நீண்ட கழுத்துப் பகுதி) வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வளைந்திருந்தால் செலவு வைக்கும். மெட்டுகள் (தந்திக்கு அடியில் மெழுகில் வரிசையாகப் பதித்த உலோகக் கட்டைகள்) ஆடுவதோ மெழுகு காய்ந்து உதிர்வதோ பெரிய குறையில்லை. 24 மெட்டுகளையும் எடுத்துப் புது மெழுகில் சுரம் பார்த்துப் பதித்து, அதாவது மேளம் கட்டித்தர, தஞ்சாவூரில் ஆள் இருக்கிறார்கள். பிரடை (தந்தியை முறுக்கும் முளை) வழுக்கினால் அதையும் சரிசெய்துவிடலாம். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணையாக இருந்தால் யார் என்ன விலை கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அலங்காரத்துக்கு நிற்கும் வீணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பேத்திக்கு என்ன வயது என்று நீங்கள் சொல்லவில்லை. ஒன்பது, பத்து ஆகாமல் முதல் மெட்டுக்குக் கை எட்டாது. அதுவரை பாட்டு வகுப்புக்கு அனுப்புங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடங்கள் தொண்டையில் ஏறிவிட்டால் வீணையில் பாதி வேலை முடிந்தது. விரல் வலிக்கிறது என்று அழுவாள், நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோட்டையூர் அம்மா ஒருவர்: பிள்ளையின் அப்பச்சி சிங்கப்பூரிலிருந்து கீபோர்டு அனுப்புவதாகச் சொல்கிறார். எதைப் பார்த்து வாங்கச் சொல்ல?

61 கட்டை, பெரியவர்கள் விரலுக்கான முழு அகலக் கட்டை, அழுத்தத்துக்கேற்பச் சத்தம் கூடிக் குறைவது. இந்த மூன்றும் இருக்கட்டும். நூறு தாளம், இருநூறு குரல் என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் வேடிக்கைக்கு. மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக் முனை மட்டும் மாறும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு எழுதவைக்க நினைத்தால் கீபோர்டு தோதானது. கர்நாடக சங்கீதம்தான் வேண்டும் என்றால் கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) இதில் சரியாக வராது, வேறு பாருங்கள்.

புதுவயல் அப்பா ஒருவர்: மகன் இடது கைக்காரன். என்ன செய்வது?

வயலினிலும் வீணையிலும் சுரம் பிடிப்பதே இடது கைதான், அவனுக்கு அது கூடுதல் பலம். மற்றவர்களைப் போலவே பிடிக்கட்டும். மிருதங்கம் என்றால் திருப்பி வைத்துக்கொண்டு வாசிக்கலாம். புதுக்கோட்டை வழியில் வந்த மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். மேடையில் உட்காரும் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அவரோடு வாசிக்க அந்தக் காலத்தில் சிலர் தயங்கியதும் உண்டு. அவர் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

மிருதங்கம் வாங்கினால், தொப்பியில் (கனத்த ஒலி தரும் பக்கம்) அப்பிய ரவையை வாசித்து முடித்ததும் வழித்துத் துடைத்துவிடுங்கள். விட்டால் எறும்பும் எலியும் தோலைப் பார்த்துக்கொள்ளும்.

கண்டனூரிலிருந்து: புல்லாங்குழல்?

முன்பல் விழுந்து முளைக்கட்டும், அவசரமில்லை. ஓட்டைகளை விரல் முழுதாக மூட வேண்டும், அதனால் சின்னக் குழலாகத் தொடங்குங்கள். குழல் குட்டையாக இருந்தால் சுருதி மேலே நிற்கும், எத்தனை கட்டைச் சுருதி என்று வாத்தியாரிடம் கேட்டு வாங்குங்கள். திருவிழாக் கடைக் குழல் சுருதி சேராது.

குன்றக்குடி அம்மா ஒருவர்: பிள்ளையார்பட்டித் தேரில் தவில் கேட்டதிலிருந்து எங்கள் ஆறு வயதுப் பையன் தவில்தான் வேண்டும் என்கிறான். பள்ளியில் அது இல்லை. கீபோர்டில் சேர்த்து மனதை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். வாத்தியத்தை அவனே கேட்கிறான். எனக்கு வரும் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் அம்மா சொல்லித்தான் வருகிறார்கள். ஆறு வயதில் தவிலைத் தோளில் மாட்ட முடியாது, இடையில் கட்டினாலும் கனம் தாங்காது. கோவிலில் வாசிக்கும் பெரியவர் யாரிடமாவது கூட்டிப்போய், தொடையில் தாளம் போட்டுச் சொற்கட்டு (தாள அடிகளை வாயால் சொல்வது) சொல்லப் பழக்குங்கள். சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, தவிலும் நாதஸ்வரமும் அங்கே சொல்லித்தருகிறார்கள். 12 வயது ஆனதும் சேர்க்கலாம். அதற்குள் பள்ளியில் ஏதாவது ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்றால் மிருதங்கத்தில் போடுங்கள். வீட்டில் எவர்சில்வர் குடம் நசுங்கினால் திட்டாதீர்கள்.