கவசம் குழம்பா, பாறையா?

மதிப்பிற்குரிய ஐயா,

எரிமலைகள் பற்றிய கட்டுரையில், பூமியின் கவசம், அதாவது மேலோட்டுக்கும் நடுவிலுள்ள கருவத்துக்கும் இடைப்பட்ட அடுக்கு, திடமான பாறையே என்று எழுதியிருந்தீர்கள். பள்ளியில் நான் அதைக் கொதிக்கும் பாறைக்குழம்பு என்றே படித்தேன். என் தந்தை வேலை பார்த்த கிரானைட் குவாரியின் அடியில் அனல் தாங்காது; கீழே குழம்பு கொதிப்பதுதான் காரணம் என்பார்கள். எது சரி?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

குவாரியிலிருந்தே தொடங்குகிறேன். பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் கூடுவது உண்மைதான். ஆனால் கண்டப் பகுதிகளில் அது கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கூடுகிறது என்பதால், 100 மீட்டர் ஆழத்தில் அதன் பங்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இராது. உங்கள் தந்தை பட்ட அனல், நாளெல்லாம் வெயிலில் காய்ந்த கற்சுவர்கள் நாற்புறமும் நின்று காற்றை மறித்ததால் வந்தது. கவசம் தொடங்குவதோ மேலூருக்குக் கீழே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆழத்தில். மனிதர் துளைத்த மிக ஆழமான துளை, ருஷ்யாவின் கோலாவில், 12,262 மீட்டரில் நின்றுபோனது.

கவசத்தைக் கண்ணால் காணாமலே அதைத் திடம் என்று சொல்ல வைப்பவை நிலநடுக்க அலைகள். அவற்றில் குறுக்காக அசைந்து செல்லும் எஸ் அலைகள் திரவத்துக்குள் நுழைவதில்லை. அவை கவசம் முழுவதையும் கடந்து, ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் நின்றுவிடுகின்றன. நீங்கள் எண்ணும் குழம்பு அதற்கும் கீழே, கருவத்தின் வெளிப்பகுதியான வெளிக்கருவத்தில் இருக்கிறது. ஆனால் அது பாறையன்று, பெரும்பாலும் இரும்பு.

கவசத்தின் அடியில் ஏறத்தாழ 4,000 டிகிரி வெப்பம் இருந்தும் பாறை உருகாததற்கு அழுத்தமே காரணம். குக்கருக்குள் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது அல்லவா, அதைப் போல அழுத்தம் மிகும்போது பாறையின் உருகுநிலையும் உயர்கிறது. பாறை மேலெழுந்து அழுத்தம் குறையும் இடங்களிலும், நீர் கலக்கும் இடங்களிலும் அதில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. எரிமலைக்கு வருவது அந்தப் பங்குதான்.

உருகாத பாறை ஓடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். குவாரியில் மழுங்கிய உளியை உலையில் காய்ச்சித் தட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செக்கச் சிவந்த இரும்பு சொட்டுவதில்லை, திடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சம்மட்டி அடிக்கு வளைந்து கொடுக்கிறது. கவசப் பாறையும் அப்படியே, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது. உலையில் ஒரு நிமிடத்தில் நடப்பது அங்கே பல லட்சம் ஆண்டுகளில் நடக்கிறது என்பதே வேறுபாடு.

அந்தப் பாறை நம் யானைமலைப் பாறையைப் போன்றதன்று. யானைமலை சிலிக்கா மிகுந்த மேலோட்டுப் பாறை. மேல்கவசமோ மக்னீசியம் மிகுந்த பெரிடோடைட் என்னும் பாறை. அதன் முக்கியக் கனிமம் ஒலிவைன், இளம் பச்சை நிறம் கொண்டது. 410 கிலோமீட்டரிலும் 660 கிலோமீட்டரிலும் அழுத்தம் தாளாமல் கனிமங்களின் படிக அமைப்பே மாறிவிடுகிறது. அதற்குக் கீழே நிறைந்துள்ள பிரிட்ஜ்மனைட், பூமியிலேயே மிகுதியான கனிமமாக இருந்தும், 2014இல்தான் பெயர் பெற்றது. அதுவும் 1879இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த ஒரு விண்கல்லில் கண்டெடுத்த பிறகு.

கவசப் பாறைக்கு நெருங்கிய ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பினால், சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டுக்குப் போய் வாருங்கள். தொலைவிலிருந்தே வெள்ளையாகத் தெரியும் மாக்னசைட் என்னும் கனிமத்தை விட்டுவிடுங்கள். அது பின்னாளில் உண்டான மாற்றம். அந்த வெள்ளை நரம்புகளுக்கு இடையில் கிடக்கும், கையில் சற்றுக் கனமாகத் தெரியும் டியூனைட் என்னும் பாறையைப் பாருங்கள். அது பெரும்பாலும் ஒலிவைன்.